‘கர்த்தரே’, ‘நானே’: சபையில் ஒரு பொதுப்பிரச்சினையைப் பேச உட்காரும்போது

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 7ஆம் அதிகாரத்தில் பவுல் தன் பேச்சுக்கு நடுவே ஒரு கோடு கிழிக்கிறார். 10ஆம் வசனத்தில் ‘நானல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது’ என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, ‘கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது’ என்கிறார். 25ஆம் வசனத்தில் இன்னும் ஒரு படி இறங்கி, இந்தக் காரியத்தில் கர்த்தரிடத்திலிருந்து தனக்குக் கட்டளையில்லை என்று ஒத்துக்கொண்டு, தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறார். அப்போஸ்தலனே இப்படிப் பிரித்துப் பேசியிருக்கிறார். நாமோ வரிவிதிப்பிலிருந்து மரண தண்டனை வரை எல்லாவற்றுக்கும் ‘வேதம் சொல்கிறது’ என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம். பொதுக்காரியம் பேசினால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொள்ளும் சபைகள் உண்டு. பேசிவிட்டு இரண்டு குடும்பங்களை இழந்த சபைகளும் உண்டு. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் இந்த முத்திரைதான்.

இங்கே சொல்லப்படுவது ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒன்றை நடத்தும் முறை. வேதபாடக் குழு, வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், எதுவானாலும் சரி. 8 முதல் 12 பேர் இருந்தால் நல்லது. 15ஐத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்; அப்போது இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். பிரசங்க மேடை இதற்கு ஏற்ற இடமல்ல. மேடையில் நிற்பவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. உதாரணத்துக்கு மரண தண்டனையை எடுத்துக்கொள்வோம்.

கேள்வியை ஒரு வரிக்குள் கொண்டுவருவது

‘மரண தண்டனை: ஒரு கிறிஸ்தவப் பார்வை’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. ‘கொலைக்குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்க அரசுக்குச் சட்டம் அதிகாரம் தரலாமா?’ என்பது கேள்வி. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஒரு வரிக்குள் அடங்கவில்லையென்றால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி கிடைத்ததும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு தாள் தயாரியுங்கள், இரு பக்கமும். முதல் பக்கத்தின் மேலே கேள்வி. அதன் கீழே சட்டத்தின் வாசகம், அல்லது மசோதாவின் வாசகம், சொல்லுக்குச் சொல். சட்டத்தைப் பற்றிய செய்தியைப் போட்டால் போதாது. தலைப்புச் செய்தி ‘தடை’ என்று சொல்லும். உள்ளே போய்ப் பார்த்தால் ‘அனுமதி பெற வேண்டும்’ என்றுதான் இருக்கும். பாதிச் சண்டைகள் இந்த இடைவெளியில் பிறக்கின்றன.

அதற்கடுத்து ஐந்து தகவல்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் யார், எந்த ஆண்டில் வெளியிட்டார்கள் என்பது பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு எண் முதன்முதலில் எங்கே வெளியானது என்று கண்டுபிடிக்க முடியவில்லையென்றால் அதை அடித்துவிடுங்கள், அது உங்கள் கட்சிக்கு எவ்வளவு சாதகமாக இருந்தாலும். ‘பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’ என்ற கட்டளை நியாயஸ்தலத்துச் சாட்சியைக் குறித்துப் பிறந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவதும் சாட்சி சொல்வதுதான்.

சரியான தகவல் சில சமயம் இரு பக்கத்தாரையும் சங்கடப்படுத்தும். மரண தண்டனை இருந்தால் கொலை குறையும் என்று ஒருவர் சொல்வார், குறையாது என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2012ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, மரண தண்டனையால் கொலை கூடும், குறையும், மாறாது என்ற எந்த முடிவுக்கும் அவற்றை வைத்து வர முடியாது என்றது. இப்படிப்பட்ட ஒரு வரி தாளில் இருந்தால் கூட்டத்தில் இருபது நிமிடம் மிச்சம்.

இரண்டாம் பக்கத்தில் இரு தரப்பு வாதங்கள், ஒவ்வொன்றும் 60, 70 சொல்லில். நீங்கள் ஏற்காத தரப்பை எழுதி முடித்ததும், அதை நம்புகிற ஒருவரிடம் காட்டுங்கள். ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று அவர் சொல்லும்வரை திருத்துங்கள். இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ‘தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்’ என்கிறது நீதிமொழிகள் 18:17. அந்த அயலானுக்கு உங்கள் தாளிலேயே இடம் கொடுத்துவிடுங்கள்.

நான்கு கட்டங்கள்

பலகையிலோ ஒரு சார்ட் தாளிலோ நான்கு கட்டம் போடுங்கள். என்ன நடக்கிறது? எது சரி? எந்த வழி? யார் வேலை? கூட்டத்தில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த நான்கில் ஒன்றில் போய் விழ வேண்டும்.

‘நிரபராதிகள் தூக்கில் போயிருக்கிறார்கள்’ என்பது முதல் கட்டம். அது உண்மையா என்பதை ஆவணம்தான் தீர்க்கும், வசனம் தீர்க்காது. ‘மனுஷ உயிர் தேவசாயல்’ என்பது இரண்டாம் கட்டம். இங்கே வேதம் நேராகப் பேசுகிறது. ‘ஆயுள் தண்டனையே போதும்’ என்பது மூன்றாவது. ஒரே விசுவாசமுள்ள இரண்டு பேர் இதில் வேறுபடலாம், ஏனென்றால் இது விவேகத்தின் கேள்வி.

நான்காவது கட்டத்தை யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதிகக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. மறுகன்னத்தைக் காட்டு என்பது யாருக்குச் சொல்லப்பட்டது? அடிபட்டவனுக்கு. இன்னொருவன் வாங்கிய அடிக்கு நீதிபதி மறுகன்னத்தைக் காட்ட முடியுமா? கொலையுண்டவரின் தாய் கொலைகாரனை மன்னிக்கலாம். அவள் சார்பில் நீதிபதி மன்னிக்க முடியாது. சீர்திருத்தவாதி லூத்தர் இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரித்தார். மெனோனைட்டுகள் முதலான அனபாப்டிஸ்ட் மரபினர் (விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்ற சீர்திருத்தக் காலப் பிரிவினர்) அப்படிப் பிரிப்பதை ஏற்கவில்லை. பட்டயம் (வாள்) பிடிக்கும் வேலையே சீஷனுக்கு உரியதல்ல என்றார்கள். இரண்டும் சபை வரலாற்றில் வேரூன்றிய நிலைகள். உங்கள் சபை எந்த மரபில் நிற்கிறதென்று கூட்டத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வசனத்தைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஏன் எதிரெதிராகப் போகிறார்கள் என்பது பெரும்பாலும் இதில் விளங்கிவிடும்.

வசனம் எடுப்பது

நான்கு பகுதிகள் போதும். ஒரு வசனமாக எடுக்காமல், முழுப் பத்தியாகத் தாளில் அச்சிடுங்கள். இரண்டாவது பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் தனித்தாள். நான்கும் ஒரே பக்கம் சாயக்கூடாது. உங்களுக்கு இடைஞ்சலான பகுதி ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

மரண தண்டனைக்கு ஆதியாகமம் 9:6 தவிர்க்க முடியாதது. மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டதால், இரத்தம் சிந்துகிறவனுடைய இரத்தம் ‘மனுஷனாலே சிந்தப்படக்கடவது’. நோவாவுக்குச் சொல்லப்பட்டதால் இது இஸ்ரவேலுக்கு மட்டுமான சட்டம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அதே புத்தகத்தில் 4ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில், முதல் கொலைகாரனாகிய காயீனைக் கொல்லாதபடி கர்த்தரே அவன்மேல் அடையாளம் போடுகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்காத வாசிப்பு பாதி வாசிப்பு.

மோசேயின் நியாயப்பிரமாணத்திலிருந்து மேற்கோள் காட்டுகிறவர் ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். ஓய்வுநாளை மீறுவதற்கும் (யாத்திராகமம் 31:14), பெற்றோரைச் சபிப்பதற்கும் (21:17) அதே தண்டனை சொல்லப்பட்டிருக்கிறது. கொலைக்கு மட்டும் ஏன் இன்றும் பொருந்தும்? பதில் இல்லாமல் இல்லை, நோவாவின் உடன்படிக்கையைக் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லத்தான் வேண்டும். எதிர்த்தரப்பாருக்கும் அங்கேயே வேலை இருக்கிறது. எண்ணாகமம் 35:31 கொலைகாரனுடைய உயிருக்கு மீட்கும்பொருள் வாங்கக்கூடாது என்கிறது. பணக்காரன் பணம் கொடுத்துத் தப்பும் வழியை அது அடைக்கிறது. ஒரே சாட்சியின் பேச்சில் யாரையும் கொல்லக்கூடாது, சாட்சி சொன்னவனே முதல் கல்லை எடுக்க வேண்டும் என்று உபாகமம் 17:6-7 கட்டளையிடுகிறது. தண்டனையை எடுத்துக்கொண்டு இந்த நிபந்தனைகளை விட்டுவிட முடியாது.

ரோமர் 13:4 வந்தே தீரும். ‘பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை.’ அதை 12ஆம் அதிகாரத்தின் கடைசியிலிருந்து வாசியுங்கள். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் நிறுத்தாமல்தான் எழுதினார். 12:19ல் ‘நீங்கள் பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்’ என்று வருகிறது. 13:4ல் அதே ‘கோபாக்கினை’ என்ற சொல் அதிகாரியின் வேலையைச் சொல்லும் இடத்தில் திரும்ப வருகிறது. விசுவாசியின் கையிலிருந்து எடுக்கப்பட்டது அதிகாரியின் கையில் வைக்கப்படுகிறது என்ற வாதம் இந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. அதற்கு எதிரே, ஆட்சியை மிருகமாகக் காட்டும் வெளிப்படுத்தின விசேஷம் 13ஐயும், ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது’ என்ற அப்போஸ்தலர் 5:29ஐயும் வையுங்கள். அரசு தேவஊழியக்காரனாகவும் இருக்கலாம், மிருகமாகவும் மாறலாம். வேதம் இரண்டையும் சொல்கிறது.

யோவான் 8ல் வரும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவத்தைச் சொல்பவர் இரண்டு காரியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 7:53 முதல் 8:11 வரையான பகுதி மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. யாராவது ஒருவர் இதை எழுப்புவார், அப்போது தடுமாறக்கூடாது. அடுத்தது, லேவியராகமம் 20:10 ஆணையும் பெண்ணையும் சேர்த்தே சொல்ல, வேதபாரகரும் பரிசேயரும் பெண்ணை மட்டும் இழுத்து வந்தார்கள். இயேசு நியாயப்பிரமாணத்தை ரத்துசெய்தாரா, அல்லது வழக்கே கோணலாக நடந்ததைக் காட்டினாரா என்ற கேள்வியைக் குழுவுக்கு விட்டுவிடுங்கள்.

வசனம் எடுப்பதில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் மூன்று. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைப்பது முதலாவது. யாத்திராகமம் 22:25 வட்டி வாங்காதே என்கிறது. ஆனால் அங்கே கடன் வாங்குபவன் சாப்பாட்டுக்கு இல்லாத ஏழை. இடைக்காலத் திருச்சபை எல்லா வட்டியையும் தடுத்தது. வியாபார முதலீட்டுக்கான கடன் வேறு வகை என்று கண்டு, ஏழையிடம் வாங்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளோடு கால்வின் அதை அனுமதித்தார். அன்றைய பொருளும் இன்றைய பொருளும் ஒன்றுதானா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது தவறு, நம் நாட்டை இஸ்ரவேலின் இடத்தில் வைப்பது. 2 நாளாகமம் 7:14ல் ‘என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்’ என்பது உடன்படிக்கையின் ஜனத்தைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டில் அதற்கு இணை சபை. எந்தக் குடியரசும் அல்ல. இதை மறந்தால் தேர்தல் முடிவு ஒவ்வொன்றும் தேவகோபமாகவோ தேவதயவாகவோ தெரியத் தொடங்கும்.

மூன்றாவது மிகவும் பழையது, மிகவும் வெட்கமானது: நம் லாபத்துக்கு ஒத்த வசனத்தை மட்டும் பார்ப்பது. அடிமைமுறையை ஆதரித்தவர்கள் ஆதியாகமம் 9:25ஐக் காட்டினார்கள். அந்தச் சாபம் கானான்மேல் சொல்லப்பட்டது என்பதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. மனுஷனைத் திருடி விற்கிறவனுக்குக் கொலைத்தண்டனை என்ற யாத்திராகமம் 21:16ம், தப்பிவந்த அடிமையை எஜமானிடம் ஒப்புவிக்காதே என்ற உபாகமம் 23:15ம் அதே வேதத்தில்தான் இருந்தன. அமெரிக்காவில் அடிமைமுறைச் சச்சரவில் பிரிந்து 1845ல் உருவான தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, அதற்காக மன்னிப்புக் கேட்டது 1995ல். 150 வருடம்! ஒரு வாசிப்பால் யாருக்கு லாபம் என்று கேட்பது அவிசுவாசமல்ல.

கூட்டம்

வட்டமாக உட்காருங்கள். தாளை மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அதே மூன்று நாளில், இந்த விஷயம் நேரடியாகத் தொடும் நபர் யாராவது குழுவில் இருக்கிறாரா என்று யோசித்து அவரிடம் தனியாகப் பேசுங்கள். கொலையில் உறவினரை இழந்தவர் இருக்கலாம். சிறையில் மகன் இருக்கும் தாய் இருக்கலாம். வரலாம், வராமல் இருக்கலாம், வந்து பேசாமலும் இருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவர் தானாகப் பேசி அழுதால், வாதத்தை அங்கே நிறுத்துங்கள். அன்றைக்கு அது முடியாமல் போனால் போகட்டும்.

தொடக்க ஜெபத்துக்கும் கேள்வியை வாசிப்பதற்கும் 5 நிமிடம். அடுத்த 3 நிமிடம் எல்லாரும் மௌனமாகத் தங்கள் முதல் எண்ணத்தை எழுதட்டும். இதை விட்டால், முதலில் பேசியவரின் எண்ணமே எல்லாருடைய எண்ணமாகிவிடும். பிறகு தகவலுக்கு 17 நிமிடம், வேதப்பகுதிகளுக்கு 30, வழியும் பொறுப்பும் பற்றிய வாதத்துக்கு 25, முடிக்க 10. மொத்தம் 90. வேதப்பகுதியின் 30 நிமிடத்தை மட்டும் எதற்காகவும் குறைக்காதீர்கள். தகவல் சண்டை அதைத் தின்னப் பார்க்கும். ஒரு தகவல் உண்மையா என்று மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால், பலகையில் கேள்விக்குறியோடு எழுதிவிட்டு நகருங்கள்.

ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம். போதகரும் மூப்பர்களும் கடைசியில் பேசட்டும். அவர்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் ஒத்துப்போவார்கள், அல்லது மௌனமாகி வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லக்கூடாது. யாராவது கேட்டால் கூட்டம் முடிந்தபின் சொல்லலாம்.

வாதம் சூடானால், மாற்றிச் சொல்லும் பயிற்சி உதவும். மறுப்புச் சொல்லப்போகிறவர், எதிராளி சொன்னதை முதலில் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். எதிராளி ‘சரி’ என்றால்தான் மறுப்பைத் தொடங்கலாம். ‘காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்’ என்ற நீதிமொழிகள் 18:13ஐ நடைமுறைக்குக் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை. சத்தம் தானாகக் குறையும்.

மற்ற சபைகள் எங்கே நிற்கின்றன என்பதையும் சொல்லுங்கள், தீர்ப்பாக அல்ல, சாட்சியாக. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1992ல் மரண தண்டனைக்கு இடம் விட்டது, 1997ல் அந்த இடத்தைச் சுருக்கியது, 2018ல் ஏற்கத்தகாதது என்றது. தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பு 2000ல் ஆதரித்துத் தீர்மானம் போட்டது, நியாயமாகவும் பாரபட்சமின்றியும் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேதத்தை மதிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் என்று யாராலும் அதற்குமேல் சொல்ல முடியாது.

முடிவில் கை தூக்கச் சொல்லாதீர்கள். கை தூக்கியவர் அடுத்த வாரம் மனம் மாற வெட்கப்படுவார். அதற்குப் பதில் ஆளுக்கொரு சிறு தாளில் மூன்று வாக்கியங்களை நிரப்பட்டும்: ‘கர்த்தருடைய கட்டளை என்று நான் நம்புவது…’, ‘என் அபிப்பிராயம் மட்டும்…’, ‘இந்தத் தகவல் தவறென்று தெரிந்தால் என் அபிப்பிராயம் மாறும்…’. பெயர் வேண்டாம். முதல் வாக்கியத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருப்பதும், வேறுபாடு இரண்டாவதில் இருப்பதும் வாசிக்கும்போது தெரியவரும். எப்போதும் அல்ல, ஆனால் அடிக்கடி.

முடிவு ஜெபத்தில் ஒரு எச்சரிக்கை. வாதத்தில் தோற்றவர் ஜெபத்தில் ஜெயிக்கப் பார்ப்பார். ‘ஆண்டவரே, உம்முடைய வசனத்தைத் தெளிவாய்க் காணாதவர்களின் கண்களைத் திறந்தருளும்’ என்று தொடங்கிவிட்டால் பதில் சொல்ல வழியில்லை. ஆகையால் முடிவு ஜெபத்தை முன்கூட்டியே ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக, குற்றவாளிகளுக்காக, நீதிபதிகளுக்காக என்று மூன்று விண்ணப்பம் போதும்.

அறிக்கை எழுதலாமா?

சில சமயம் குழுவுக்கு எதையாவது செய்யத் தோன்றும்: மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம், சபையின் பெயரில் ஓர் அறிக்கை. இங்கே பவுல் கிழித்த அந்தக் கோடு மீண்டும் வருகிறது.

சபை ஒரே குரலில், விசுவாசத்தின் பேரில் பேசிய தருணங்கள் உண்டு. 1934 மே மாதம், ஹிட்லர் ஆட்சியில், ஜெர்மனியின் பார்மென் நகரில் கூடிய சபையார், இயேசு கிறிஸ்துவுக்குப் பக்கத்தில் வேறொரு தலைமையைச் சபை ஏற்க முடியாது என்று அறிக்கையிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1982ல் வரைவாகி 1986ல் ஏற்கப்பட்ட பெல்ஹார் அறிக்கை, இனப்பிரிவினையைச் சுவிசேஷத்தின் பெயரால் நியாயப்படுத்துவதை மறுத்தது. இரண்டிலும் தாக்கப்பட்டது சபை அறிக்கையிடும் விசுவாசமே. வரி எத்தனை சதவீதம் என்ற கேள்வி அல்ல. உங்கள் விஷயம் இரண்டாம் கட்டத்தில், ‘எது சரி’ என்ற இடத்தில் நிற்கிறதா, மூன்றாம் கட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதென்றால் சபையின் பெயரை எடுக்காதீர்கள்.

வேட்பாளர் பெயரோ கட்சி பெயரோ எதிலும் வரக்கூடாது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதையும், மத அமைப்புகள் தேர்தலில் ஆதரவு கொடுப்பதையும் பல நாடுகளில் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கம். கேட்பது ஒன்றே ஒன்று, முதல் பத்தியிலேயே: இந்த மசோதாவின் இந்தப் பிரிவை இப்படி மாற்றுங்கள். காரணங்களை விசுவாசி அல்லாதவரும் எடைபோடக்கூடிய வார்த்தையில் எழுதுங்கள். ‘தேவசாயல்’ என்று நீங்கள் நம்புவதை மறைக்க வேண்டாம். ஆனால் நிரபராதி தண்டிக்கப்பட்டால் திருத்த வழியில்லை என்பதை யாரும் புரிந்துகொள்வார்கள். மிரட்டல், சாபம், ‘எங்கள் வாக்கு எவ்வளவு தெரியுமா’ என்ற தொனி எதுவும் வேண்டாம். 1 பேதுரு 3:15 பதில் சொல்லச் சொல்கிறது, ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’.

கடைசி வரி கையெழுத்து. சபைச் சங்கம் முறையாகக் கூடித் தீர்மானம் போட்டிருந்தால் மட்டும் சபையின் பெயரும் தீர்மானத் தேதியும். இல்லாவிட்டால் ‘இந்தச் சபையின் அங்கத்தினர்களாகிய கீழே கையெழுத்திட்டிருப்பவர்கள்’ என்று போட்டு, ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் பெயர் எழுதட்டும். கையெழுத்திட மறுத்தவரை அடுத்த வாரம் வேதப்பகுதி வாசிக்கக் கூப்பிடுங்கள்.